சிக்ஸ் லைன் ராஸ் மீன் வாங்குறவங்க கவனத்துக்கு: பைத் தண்ணியோட உப்பை அளக்காம மீனை டேங்கில் விடாதீங்க

கடைப் பெயரைப் போடவில்லை. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் மரைன் (கடல்) மீன் அனுப்புகிற ஒருத்தர் செய்த வேலை இது. வாங்கியவர் பெருந்துறைப் பக்கம், மரைனுக்குப் புதுசு.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம்: சிக்ஸ் லைன் ராஸ், 1,800 ரூபாய், "ரெண்டு வாரம் குவாரண்டைன்ல இருந்ததுங்க, மைசிஸ் (இறால் மாதிரிச் சின்னத் தீனி) நல்லாச் சாப்பிடுது." பார்சல் விடிகாலையில் வந்தது. "அரை மணி நேரம் டிரிப் போட்டு (டேங்க் தண்ணியைப் பைத் தண்ணியில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து) டேங்க்ல விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் அனுப்பியவர், அப்படியே விட்டாச்சு. முதல் நாள் பாறை இடுக்கில் புகுந்து புகுந்து வந்தது. ரெண்டாம் நாள் வெளியே தலை காட்டவில்லை. மூணாம் நாள் காலையில் பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்றும் மோட்டார்) சல்லடையில் ஒட்டிக் கிடந்தது. போன் போட்டால், "உங்க ஊர் போர் தண்ணி அப்படிங்க."

போர் தண்ணி டேங்க் பக்கமே போகவில்லை. ஆர்ஓ டிஐ ஃபில்டர் போட்டு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு) சைபர் ஆக்கிய தண்ணியில்தான் மரைன் சால்ட் கலந்திருந்தது, டேங்கில் அம்மோனியாவும் சைபர். நல்லவேளை, பைத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அது 1.018 காட்டியது (எண் ஏற ஏற உப்பு அதிகம்). வீட்டு டேங்க் 1.025. கதை அங்கேயே முடிந்துவிட்டது.

கடல் மீன் உடம்பிலிருந்து தண்ணி செவுள் வழியாக எந்நேரமும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் உப்புத் தண்ணியைக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுளில் உள்ள செல்கள் மூலம் வெளியே தள்ளும். உப்பு குறைந்த தண்ணியில் வாரக்கணக்கில் இருந்த மீனுக்கு அந்த வேலை மந்தமாகிவிடும். திடீரென்று 1.025இல் விட்டால் உள்ளுக்குள் வற்றிப்போய்ச் சாகும். உடனே சாகாது, ரெண்டு மூணு நாள் இழுக்கும். அதனால்தான் பழி, மீனை வாங்கினவரோட தண்ணி மேல் விழுகிறது. உப்பு இறங்குவதை மீன் தாங்கும், ஏறுவதைத்தான் தாங்காது.

கடைக்காரர்கள் 1.018இல் வைப்பதற்குப் பெரிய காரணம் மரைன் சால்ட் செலவு. "நோய் வராம இருக்க" என்று சொன்னால் நம்பாதீங்க. வெள்ளைப்புள்ளி நோய்க்கு உப்பைக் குறைத்து வைத்தியம் செய்வதென்றால் 1.009க்கு இறக்கி வாரக்கணக்கில் பிடித்து வைக்க வேண்டும். 1.018 அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

டிரிப்பும் பஸ்ஸில் வந்த மீனுக்கு ஆகாது. பத்து மணி நேரம் கட்டிய பையில் கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஹெச் இறங்கியிருக்கும், அதனால் அதிலுள்ள அம்மோனியா பெரிசாகக் கெடுக்காது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அதில் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவது மீனை வதைப்பதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். அனுப்பும் முன்னாடியே கடை டேங்கின் உப்பு அளவைக் கேளுங்க, மீட்டரில் காட்டி வீடியோ வாங்குங்க. 40 லிட்டர் தனித் தொட்டி, ஏற்கெனவே ஓடிப் பழகின ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ரெண்டு பிவிசி பைப் துண்டு, மேலே வலை மூடி (ராஸ் எகிறிக் குதிக்கும்). தொட்டித் தண்ணியில் உப்பைப் பைத் தண்ணியின் உப்பு அளவுக்கே கலந்து வைங்க. பையைக் கட்டோடு 15 நிமிஷம் மிதக்க விட்டு, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுங்க. பைத் தண்ணி உள்ளே போகக் கூடாது. மறுநாளிலிருந்து தினம் 0.001 ஏற்றணும். 40 லிட்டருக்கு அதற்கு 55 முதல் 60 கிராம் மரைன் சால்ட் ஆகும். மக்கில் முழுசாகக் கரைத்து ஃபில்டர் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்க. 1.018 என்றால் ஒரு வாரம். ஏப்ரல், மே வெயிலில் ஃபேன் ஓடும் தொட்டியில் தண்ணி வற்றுவதே கொஞ்சம் ஏற்றிவிடும், அளந்து பார்த்து உப்பைக் குறைச்சுக்குங்க.

மீட்டரையும் சும்மா நம்பாதீங்க. 963.5 கிராம் ஆர்ஓ தண்ணியில் 36.5 கிராம் தூள் உப்பைக் கரைத்தால் அது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டணும், அதாவது 1.026. காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரி செய்யுங்க. வெறும் தண்ணியில் சைபர் வைத்தால் மட்டும் போதாது.

ரெண்டாவது மோசடி இன்னும் கேவலம். ரொம்பச் சத்தம் போட்ட பிறகு "மாத்து மீன்" அனுப்பினார். கோடே இல்லை. "ஸ்ட்ரெஸ்ல வெளுத்திருக்குங்க, செட் ஆனா வந்துரும்." வராது. பச்சை உடம்பு, முதுகுத் துடுப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் பெரிய கறுப்புத் திட்டு: அது மூன் ராஸ் குஞ்சு. நம்ம மன்னார் வளைகுடாவிலேயே சாதாரணமாகக் கிடைப்பது, விலையில் பாதி கூட வராது. 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். இறால், நண்டு, சின்ன மீன் எதையும் விடாது.

நிஜ சிக்ஸ் லைன் எவ்வளவு வெளுத்தாலும் ஆறு மெல்லிய கோடும் எண்ணும்படி இருக்கும். ஊதா உடம்பு, பச்சை வால், வாலடியின் மேல் பக்கம் சின்னக் கண் மாதிரிப் புள்ளி. 10 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. நீந்துவதைப் பார்த்தாலே தெரியும், இது பாறையை ஒட்டியே ஊர்ந்து நுழையும். மூன் ராஸ் நடுத்தண்ணியில் ரெண்டு கையும் வீசிப் போகும்.

அந்தக் குஞ்சு இப்போது கோவையில் 600 லிட்டர் டேங்க் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. பணம் திரும்பவில்லை. விளம்பரத்தில் வந்த அதே சிக்ஸ் லைன் படம் போன வாரமும் அந்த ஆள் ஸ்டேட்டஸில் இருந்தது, விலை மட்டும் 2,200.