கிளவுட் போன் சேவையில் ஒரு வருடம்: நம்பர் சுலபம், பில்தான் புதிர்

ஆபீசில் இருந்த பழைய பிபிஎக்ஸ் பெட்டியை (வரும் அழைப்புகளை உள்ளே பிரித்துவிடும் எக்ஸ்சேஞ்ச்) கழற்றிவிட்டு, இணையம் வழியாகவே அழைப்புகளைக் கையாளும் கிளவுட் போன் சேவைக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே வரும் தலைவலிகளில் பாதி யாரிடம் போனாலும் வரும், மீதியில் பாதி எங்கள் தவறு. 2008ல் தொடங்கிய ட்விலியோ என்ற அமெரிக்க நிறுவனம் பிரபலமாக்கிய அதே பாணிதான்: நம்பரை வாடகைக்கு எடுக்கிறோம், அதற்கு அழைப்பு வந்ததும் அவர்கள் நம் சர்வரைத் தட்டி "இப்போது என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள், நாம் "இதைச் சொல், ஒரு எண்ணை அழுத்தும்வரை காத்திரு, அப்புறம் இன்னாருக்கு இணைத்துவிடு" என்று சில வரிகளில் பதில் அனுப்புகிறோம்.

அது அருமையாகவே வேலை செய்கிறது. முன்பு மெனுவில் ஒரு வரி மாற்ற ஆள் வர வேண்டும், இப்போது ஒரே மதியத்தில் மூன்று விதமாக மாற்றிப் பார்க்கிறோம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் பிரவுசரிலேயே அழைப்பை எடுக்கிறார், வாடிக்கையாளருக்கு எங்கள் பொது நம்பர்தான் தெரியும்.

ஆனால் நம் சர்வர் தூங்கினால் போனும் தூங்கும். முதல் மாதம் எங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்ததால் பேச வந்தவர்கள் ஒரு பிழைச் செய்தியைக் கேட்டுவிட்டுப் போனார்கள், நாங்களோ "இன்று அழைப்பே இல்லையே" என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அவர்கள் தட்ட வேண்டிய மாற்று முகவரியைக் கொடுக்க ஒரு கட்டம் அமைப்புப் பக்கத்திலேயே இருந்தது. யார் பார்த்தார்கள்!

எஸ்எம்எஸ் கதை தனி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70தான். அந்த 70ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை, புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும், "வணக்கம்" நமக்கு ஐந்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. 70ஐத் தாண்டிவிட்டால் செய்தியைத் துண்டாக்கி, துண்டுக்கு 67 வீதம், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. ஆங்கிலச் செய்தியில் ஆசையாக ஒரு எமோஜி போட்டாலும் முழுச் செய்தியும் இந்த 70 கணக்குக்கு இறங்கிவிடும். இதெல்லாம் விலைப்பட்டியலில் பொடி எழுத்தில்கூட இல்லை, பில் வந்த பிறகுதான் தேடிப் படித்தோம்.

அப்புறம் அந்த ராத்திரி. எங்கள் தளத்தின் ஓடிபி பக்கத்தில் யாரோ பாட் (தானாக இயங்கும் நிரல்) விட்டு, நாங்கள் வியாபாரமே செய்யாத நாடுகளின் நம்பர்களாகத் தட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு செய்திக்கும் நம் காசு போகும், அதில் ஒரு பங்கு அந்த நம்பர்களை வைத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேரும், மோசடியின் சூட்சுமமே இதுதான். விடிவதற்குள் முன்பணம் காலி. தேவையில்லாத நாடுகளை மூடிவைக்க வசதி இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் எல்லாம் திறந்தே கிடந்தது, இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உதவிக்கு எழுதினால் மூன்று நாள் கழித்து ஒரு ஆவணத்தின் சுட்டி பதிலாக வந்தது. இப்போது ஒரு நம்பருக்கு இத்தனை, ஒரு ஐபிக்கு (இணைய முகவரிக்கு) இத்தனை என்று வரம்பு கட்டியிருக்கிறோம், தினச் செலவு ஒரு அளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்.

டெவலப்பர்களுக்கு ஒரு விஷயம். செய்தியின் நிலை பற்றிய வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் அவர்கள் நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) வரிசையாக வரும் என்று நம்ப வேண்டாம். "போய்ச் சேர்ந்தது" முதலிலும் "அனுப்பப்பட்டது" பிறகும் வந்து, எங்கள் டேட்டாபேஸ் சேர்ந்த செய்தியைச் சேராததாக எழுதி, அதை இன்னொரு முறை அனுப்பியும் வைத்தது. வெப்ஹுக்கோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தையும் (அவர்கள்தான் அனுப்பினார்கள் என்பதற்கான அடையாளம்) சரிபாருங்கள், இல்லையென்றால் அந்த முகவரி தெரிந்த யாரும் பொய்த் தகவல் அனுப்பலாம்.

குரல் தரம்? நம் இணைய இணைப்பு எப்படியோ அப்படி. வைஃபையில் பேச்சு விட்டுவிட்டு வந்தது, எதிர்முனையில் இருந்தவர் "ஹலோ ஹலோ" என்றே களைத்துப்போனார். அழைப்பு எடுக்கும் மேசைகளுக்கு கேபிள் இழுத்ததும் சரியாகிவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, நம்பர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்காக.