டயருக்கு எத்தனை பாயிண்ட் காற்று? நாலு வருஷ அனுபவம்

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு வருஷத்தில் 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நாற்கரச் சாலையில் வள்ளியூர் போய் வருவேன், மற்ற நாள் ஊருக்குள், சீசன் வந்தால் குடும்பத்தோடு குற்றாலம்.

முதல் இரண்டு வருஷம் டயர் காற்றின் அழுத்தத்தை, அதாவது பாயிண்ட் (psi) கணக்கைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கடையில் "நம்ம ரோட்டுக்கு முப்பத்தெட்டு வச்சாத்தான் வண்டி இழுக்கும் அண்ணாச்சி" என்றார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன். வண்டி லேசாக உருண்டது உண்மைதான். ஆனால் 31,000-ல் அலைன்மென்ட்டுக்காக வண்டியைத் தூக்கியபோது பார்த்தால் நாலு டயரும் நடுவில் மட்டும் வழுக்கையாகி, ஓரத்துக் கோடுகள் இன்னும் ஆழமாகவே இருந்தன. காற்று கூடினால் நடுப்பகுதி புடைத்து அதுதான் ரோட்டில் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என் வண்டியில் நாலுக்கும் 33, ஆள் நிறைந்து டிக்கியும் நிறைந்தால் பின்னால் 36. அதுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் அதிகபட்சம், அதைப் பார்த்து நிரப்பக் கூடாது.

இதைத் தெரிந்த பிறகும் ஒரு தப்பு செய்தேன். மே மாதம், நாகர்கோவிலிலிருந்து திரும்பும் வழியில் மதியம் ஒரு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தால் 38 காட்டியது. அங்கிருந்த பையன் "கூடுதலா இருக்குல்லா அண்ணாச்சி, இறக்கிருதேன்" என்று 33-க்குக் கொண்டுவந்தான், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை வீட்டில் பார்த்தால் 28, 29. ஸ்டிக்கரில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடினால் சூடேறி நாலைந்து பாயிண்ட் கூடுவது இயல்பு, அதற்காகக் காற்றை இறக்கவே கூடாது. நின்ற வண்டியிலும் வெயில் வேலை காட்டும்: தெற்குப் பார்த்து நிறுத்தினால் சாயங்காலம் வலப்பக்க டயர்கள் இடப்பக்கத்தைவிட இரண்டு பாயிண்ட் கூடக் காட்டுகின்றன.

அப்புறம் சொந்தமாகக் காற்று அளக்கும் ஒரு கேஜும், வண்டியிலேயே செருகும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கினேன். பங்குக்குப் பங்கு கேஜ் மூன்று பாயிண்ட் வரை மாறுகிறது, ஒரே கேஜில் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் புரிகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்க்கிறேன். குற்றாலத்துக்கு ஐந்து பேர் கிளம்பினால் அன்று காலையே பின்னால் 36. மழையில் ஆலங்குளம் தாண்டி வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் முன்புபோல் அலைவதில்லை.

இந்தப் பழக்கத்தால் கிடைத்த பெரிய லாபம் உடைமுள் விஷயத்தில்தான். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே தெரியாது. மூன்று டயர் 33, ஒன்று மட்டும் 28 என்றால் நேரே பஞ்சர் கடைக்குப் போய்விடலாம், இப்படி இரண்டு முறை நடுவழியில் நிற்காமல் தப்பித்தேன். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். கயத்தாறு பக்கம் இரவில் டயர் மாற்ற எடுத்தபோது அதில் 14 பாயிண்ட்தான் இருந்தது, கைக்குழந்தையோடு ரோட்டோரம் நின்ற அந்த ஒரு மணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

நைட்ரஜனும் ஆறு மாதம் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மாதம் ஒரு பாயிண்ட் அப்போதும் குறைந்தது.

இரண்டாவது செட் இப்போது 33,000 தாண்டிவிட்டது. நடுவும் ஓரமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன, டயர் மாற்றும் நேரத்தைக் காட்ட கோட்டுக்குள் வைத்திருக்கும் தேய்மான மேட்டைத் தொட இன்னும் நல்ல இடைவெளி இருக்கிறது. இன்று காலை பார்த்த அளவு 33, 33, 33, 31. அந்த 31 பின் இடது, நாளைக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும்.