ஏ320 பேக்கில் சிலிக்கோன் கப்ளிங்: 11 வருட அனுபவம்

விமானத்து ஏசி என்றால் பயணிக்குத் தலைக்கு மேலே திருகிவிடும் அந்தச் சின்னத் துவாரம்தான் தெரியும். எனக்கு முதலில் கண்ணில் நிற்பது நாலைந்து விரற்கடை நீளமும் செங்கல் நிறமுமாக இருக்கும் ஒரு சிலிக்கோன் ஸ்லீவ், அதாவது கப்ளிங். ஏசி பாகங்களை ஒன்றோடொன்று இணைப்பது அதுதான். அதிர்வை ஒரு பாகத்திலிருந்து அடுத்ததுக்குப் போகவிடாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வதும் அதுதான்.

சென்னையில் ஏ320 விமானங்களில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் 4 வருடம் லைன் (பறப்புகளுக்கு நடுவே பார்க்கும் வேலை), அப்புறம் ஹேங்கர். இந்த ஸ்லீவ்களை எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. புதிதாக பி1 லைசென்ஸுக்கு (விமான மெக்கானிக்கல் பராமரிப்பு உரிமம்) படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஹேங்கரில் இதே வேலையில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஏ320-ல் இரண்டு ஏசி பேக், அதாவது காற்றைக் குளிர்விக்கும் தொகுதிகள். இரண்டும் விமானத்தின் வயிற்றில், நடு இறக்கைக்குக் கீழே, ஃபேரிங் பேனலுக்குப் பின்னால் இருக்கும். இன்ஜினிலிருந்தோ ஏபியூவிலிருந்தோ (வாலில் இருக்கும் சின்னத் துணை இன்ஜின்) சூடான காற்று வரும். பறக்கும்போது இன்ஜின் காற்று, அதை முதலில் கொஞ்சம் ஆறவைக்கும் ப்ரீகூலரைத் தாண்டி ஏறத்தாழ 200 டிகிரியில் பேக்குக்குள் நுழைகிறது. முதல் ஹீட் எக்ஸ்சேஞ்சர், கம்ப்ரஸர், இரண்டாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஈரத்தைப் பிரிக்கும் பாகங்கள், கடைசியில் டர்பைன். அதைத் தாண்டும்போது காற்று சில்லென்று ஆகிவிடுகிறது. கம்ப்ரஸர், டர்பைன், விசிறி மூன்றும் ஒரே தண்டில் அசுர வேகத்தில் சுற்றும். அந்த ஏர் சைக்கிள் மெஷின்தான் அதிர்வுக்கு மூலம். அதோடு டக்டுகளை (காற்றுக் குழாய்களை) நேருக்கு நேர் போல்ட் போட்டு இறுக்கினால், அதிர்வு முழுவதும் டக்ட் வெல்டிங்குக்கும் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய தகடுகளுக்கும் போய்ச் சேரும். வெடிப்பு வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

அதிர்வு மட்டும் இல்லை. 1 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 35 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். நிறுத்தினால் திரும்பச் சுருங்கும். ஒரு நாளைக்கு ஆறு செக்டர் பறக்கும் விமானத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜின் காற்று வரும் மிகவும் சூடான பிளீட் டக்டுகளில் இதற்கு உலோக பெல்லோஸும் (மடிப்பு மடிப்பான குழாய்) பந்து மூட்டும் வைத்திருப்பார்கள். மிதமான சூட்டிலும் குளிர்ந்த பக்கத்திலும் கண்ணாடி இழைத் துணியை உள்ளே வைத்து வார்த்த சிலிக்கோன் ஸ்லீவ், இரண்டு முனையிலும் பட்டைக் கிளாம்ப். நான் சொல்வது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

சரி, எப்படி உழைக்கிறது? என் அனுபவத்தில் நன்றாகவே உழைக்கிறது. குளிர்ந்த பக்கத்து ஸ்லீவ்கள் ஒரு சி-செக்கிலிருந்து (பேனல்களைத் திறந்து பார்க்கும் பெரிய பராமரிப்பு) அடுத்த சி-செக் வரை கேள்வியே இல்லாமல் நிற்கின்றன. கழற்றிப் பார்த்தாலும் தொட்டால் மெத்தென்று இருக்கும். சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை மெதுவாக இறுகும். கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் ஒரு பள்ளம் நின்றுகொண்டிருக்கும். மடக்கிப் பார்த்தால் மேற்பரப்பில் தலைமுடி போலக் கோடுகள் ஓடும். அந்தக் கோட்டுக்குள் வெள்ளை நூல் தெரிந்தால் நான் யோசிப்பதே இல்லை, மாற்றிவிடுவேன். கண்ணாடி இழை வெளியே வந்துவிட்ட ஸ்லீவ் அடுத்த செக் வரை தாங்கும் என்று நம்பி விட்டுவிட எனக்கு மனசு வராது.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். கிளாம்ப் பட்டையின் ஓரம் படும் இடம். அங்கே சுற்றிலும் ஒரே ஆழத்தில் தடம் இருந்தால் அது சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டியிருந்தால் டக்ட் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் இந்தத் தடம் நன்றாகத் தெரியும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விமானம். ஹேங்கருக்கு வந்த இரண்டாம் வருடம், கத்திரி வெயில் நேரம். தரையில் நிற்கும்போது கேபின் குளிரவில்லை, நடுப்பகுதி இருக்கைகளுக்குக் கீழே ஒரு உறுமல் கேட்கிறது என்று டெக் லாகில் (விமானத்தின் குறைகளை எழுதும் பதிவேடு) எழுதி வந்தது. பேனலைத் திறந்தால், ஒரு பேக்கிலிருந்து போகும் குளிர்காற்று டக்டில் ஸ்லீவ் ஓரமாகக் கிழிந்திருந்தது. மாற்றினோம், சரியாகிவிட்டது. ஏழு வாரத்தில் அதே புகார், அதே ஸ்லீவ், அதே பக்கத்தில் கிழிசல். பார்ட் மோசம் என்று சொல்லி வேறு பேட்ச்சில் எடுத்து மாட்டினோம். மூன்றாவது முறையும் அது வந்து நின்றபோது எங்கள் ஷிஃப்டில் இருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஸ்லீவைத் தொடவே இல்லை. "தம்பி, ரெண்டு கிளாம்பையும் தளர்த்திட்டு டக்டை மட்டும் கையால தள்ளிப் பாரு" என்றார்.

தள்ளினேன். டக்ட் என் கையோடு வந்தது. கீழே அதைத் தாங்கியிருக்கும் சப்போர்ட் கிளாம்பின் உள் ரப்பர் தேய்ந்து காணாமல் போயிருந்தது. உலோகம் உலோகத்தில் உரசிப் பளபளவென்று இருந்தது. டக்டின் எடை, ஆட்டம் எல்லாம் அந்த ஸ்லீவின் ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு நல்ல ஸ்லீவை நாங்கள் வீணாகக் குறை சொல்லியிருக்கிறோம். சப்போர்ட் கிளாம்பை மாற்றி, புது ஸ்லீவ் போட்டோம். உறுமலும் அன்றோடு நின்றது.

அதற்குப் பிறகு எங்கே ஸ்லீவ் கிழிந்தாலும் முதலில் அதன் இரண்டு பக்கத்து டக்டையும் ஆட்டிப் பார்க்கிறேன். இந்தக் கப்ளிங் கொஞ்சம் கோணலையும் கொஞ்சம் இடைவெளியையும் பொறுத்துக்கொள்ளும். மேனுவல் அதற்கு எல்லை கொடுத்திருக்கிறது. கோணலான டக்டை நேராக்கும் வேலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. இழுத்துப் பிடித்து ஸ்லீவுக்குள் நுழைக்க வேண்டியிருந்தால் எங்கோ ஒரு சப்போர்ட் தவறாக இருக்கிறது.

மாட்டும் விதத்தில் நான் கறாராக இருக்கும் விஷயங்கள் சில உண்டு. டக்ட் முனையில் உருண்ட மேடு ஒன்று இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேல் உட்கார்ந்தால் காற்றழுத்தம் ஏறும்போது நழுவும். ஸ்லீவ் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று இரண்டு டக்டிலும் முன்பே குறி போட்டுக்கொள்வேன். குறி போட அனுமதிக்கப்பட்ட மார்க்கர்தான். பென்சில் எடுக்கவே கூடாது, கிராஃபைட் அலுமினியத்தில் அரிப்பைக் கொண்டுவரும். ஸ்லீவ் ஏற மறுத்தால் கிரீஸ், ஆயில் தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிலிக்கோன் பெட்ரோலிய ஆயிலைக் குடித்து உப்பிவிடும். சுத்தமான தண்ணீரில் நனைத்தால் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் டார்க், அதாவது போல்ட்டை இறுக்கும் திருகு விசை. ஏர்பஸ் மேனுவலில் டெகாநியூட்டன் மீட்டரும் பவுண்ட் இன்ச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பவுண்ட் இன்ச் எண்ணைப் படித்துவிட்டு பவுண்ட் ஃபுட் ரெஞ்சை வைத்தால் 12 மடங்கு இறுக்கம். பட்டை ஸ்லீவை அறுத்துவிடும், அது அன்றைக்குத் தெரியாது, நாலு மாதம் கழித்துத் தெரியும். இரவு ஷிஃப்டில் மூன்று மணிக்கு இந்த வேலை வந்தால் எண்ணையும் அலகையும் வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவரையும் சொல்ல வைப்பேன்.

குறை என்று சொன்னால் இரண்டு. ஒன்று, இடம். சில கிளாம்ப் போல்ட்டுகளைக் கண்ணால் பார்க்கவே முடியாது, கண்ணாடியும் விரல் நுனியும்தான். ஆகவே மாட்டும்போதே போல்ட் தலையைக் கை எட்டும் பக்கம் திருப்பி வையுங்கள், பக்கத்து டக்டிலோ வயரிலோ உரசாமலும் பாருங்கள். அடுத்த முறை திறப்பவர் உங்களை வாழ்த்துவார். இரண்டாவது, ஸ்டோர்ஸிலிருந்து வரும் ஸ்லீவ்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். விட்டம் ஒன்றாக இருந்தும் உள்ளே துணி அடுக்கு வேறாக இருக்கலாம். நிறத்தை நம்பி மாட்டாதீர்கள், பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

போயிங் 787-ல் கேபினுக்கு இன்ஜின் பிளீட் காற்றே எடுப்பதில்லை, மின்சாரக் கம்ப்ரஸர்தான். அதன் பவர் எலக்ட்ரானிக்ஸை திரவம் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். அங்கே இணைப்பு கசிந்தால் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். எங்கள் பேக்கில் கசிவது காற்று. உள்ளங்கையில் படும் சில்லிப்பையும், கிளாம்ப் ஓரத்தில் படிந்திருக்கும் தூசியின் கோட்டையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சூடான பக்கத்தில் கையை நீட்டாதீர்கள். பேக்கை நிறுத்தி ஆறவிட்டுப் பாருங்கள்.

மூன்று முறை திரும்பி வந்த அந்த விமானம் போன மாதம் சி-செக்குக்கு வந்திருந்தது. பேனலைக் கழற்றியதும் முதலில் அந்த டக்டைத்தான் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஸ்லீவில் கிளாம்ப் தடம் சுற்றிலும் ஒரே ஆழம். கிளாம்ப் போல்ட்டில் போட்ட டார்க் சீல் (போல்ட் தளர்ந்தால் முறிந்து காட்டிக்கொடுக்கும் வண்ணக் கோடு) மங்கியிருந்தது, ஆனால் கோடு முறியவில்லை.