தற்காலிக எண் யாருக்கு, எப்போது? ரேண்டம் அக்சஸ் முறைகள்: ஓர் ஒப்பீடு

மொபைலை ஆன் செய்ததும் அது பேஸ் ஸ்டேஷனோடு (சிக்னல் தரும் கோபுரத்தோடு) பேசத் தொடங்க வேண்டும். ஆனால் அந்த ஸ்டேஷனின் எல்லையான ‘செல்’லுக்குள் அதற்கு இன்னும் பெயர் கிடையாது. பேஸ் ஸ்டேஷன் ஒரு சாதனத்தைத் தனியாக அழைக்க சி-ஆர்என்டிஐ என்ற 16 பிட் எண் தேவை. எண்ணே இல்லாத ஒன்றை எப்படி அழைத்து எண் கொடுப்பது? இந்த முதல் தொடர்புக்குத்தான் ரேண்டம் அக்சஸ் என்று பெயர். இதற்கான வழிகளைப் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். எண் யார் கைக்கு, எந்தக் கட்டத்தில் போகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

முதலில், எல்டிஇ-யிலிருந்து (4ஜி) 5ஜி வரை தொடரும் நான்கு படி முறை. சாதனம் கதவைத் தட்டுவதற்கென்று ஒதுக்கிய ஒவ்வொரு நேரத் துண்டிலும் (இதை ‘வாய்ப்பு’ என்பார்கள்) 64 ப்ரியாம்பிள்கள், அதாவது முன்கூட்டியே வகுத்த சிக்னல் வடிவங்கள், இருக்கும். சாதனம் அவற்றில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பதுபோல் எடுத்து அனுப்புகிறது. பேஸ் ஸ்டேஷனின் பதிலில் மூன்று முக்கியமான விஷயங்கள்: நேரத் திருத்தம், அடுத்த செய்தியை அனுப்ப ஓர் இடம், டெம்பரரி சி-ஆர்என்டிஐ. அந்தப் பதிலின் மேல் யார் பெயரும் இருக்காது. ‘17-ஆம் ப்ரியாம்பிளை அனுப்பியவருக்கு’ என்ற அளவில்தான் இருக்கும்.

இரண்டு சாதனங்கள் ஒரே நேரத்தில் 17-ஐ எடுத்துவிட்டால்? இரண்டும் அதே பதிலைப் படிக்கும். எண் 20481 என்றால், அது தனக்குத்தான் என்று இரண்டுமே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது செய்தியை ஒரே இடத்தில், ஒரே எண்ணோடு இரண்டும் அனுப்பும். இரண்டும் கலந்து புரியாமல் போனால் பேஸ் ஸ்டேஷன் ‘20481, மறுபடி அனுப்பு’ என்கிறது. மறுபடியும் இரண்டும் அனுப்புகின்றன! ஒன்றின் செய்தி தப்பிப் பிழைத்தால், அதன் முதல் 48 பிட்டை நான்காவது செய்தியில் பேஸ் ஸ்டேஷன் அப்படியே எதிரொலிக்கும். அந்த 48 பிட்டுக்குள் சாதனம் சொன்ன அடையாளமோ, அது இல்லாதபோது ஒரு ரேண்டம் எண்ணோ இருக்கும். எந்தச் சாதனத்துக்கு அது பொருந்துகிறதோ, அதற்கு ‘டெம்பரரி’ என்ற அடைமொழி உதிர்ந்து 20481 சொந்தமாகிறது. மற்றது எண்ணைக் கைவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது எப்போதோ நடக்கிற விஷயம் என்று தோன்றலாம். 64-ல் 10 ப்ரியாம்பிள்களைத் தனியே ஒதுக்கி, 54-ஐப் பொதுவில் விட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரே வாய்ப்பில் 10 சாதனங்கள் வந்தால், ஏதோ ஒரு ஜோடியாவது மோதிக்கொள்ளும் நிகழ்தகவு ஏறக்குறைய 59 சதவீதம். அப்புறம், இரைச்சலை ப்ரியாம்பிள் என்று தப்பாக எண்ணி, இல்லாத ஆளுக்கு எண் கொடுப்பதும் உண்டு.

இவ்வளவு இருந்தும் இந்த முறை நிற்பதற்கு நல்ல காரணம் உண்டு. தூரத்தில் இருக்கும் சாதனத்தின் சிக்னல் தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான் ப்ரியாம்பிள். அதை வைத்து நேரத்தைத் திருத்திய பிறகே சாதனம் டேட்டா அனுப்புகிறது.

மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 16-ல் வந்த இரண்டு படி முறை இந்த வரிசையை மாற்றுகிறது. ப்ரியாம்பிளும் அடையாளமும் ஒன்றாகவே முதல் செய்தியில் போகின்றன. பேஸ் ஸ்டேஷன் அதைப் புரிந்துகொண்டால், பதிலில் அந்த 48 பிட் எதிரொலியும் 16 பிட் சி-ஆர்என்டிஐ-யும் சேர்ந்தே வரும். இடையில் ‘டெம்பரரி’ என்ற கட்டமே இல்லை. சாதனமும் ‘கிடைத்தது’ என்று ஒப்புதல் அனுப்புவதால், எண் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் குறைகிறது. எனக்கு இது மனதுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. யாரென்று தெரிந்த பிறகு எண் கொடுப்பதுதானே முறை? ஆனால் செலவு இருக்கிறது. யாரும் வராவிட்டாலும் டேட்டாவுக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். நேரத் திருத்தம் இல்லாமல் டேட்டா வருவதால், தூரம் கூடக்கூட இந்த முறை தடுமாறும்.

இணைப்பு அறுபடாமல் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஹேண்டோவரின் கதை வேறு. புது செல்லுக்கான சி-ஆர்என்டிஐ-யைப் பழைய செல் வழியாகவே, அதுவும் மறையாக்கம் செய்த செய்தியில் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே அதற்கென்றே ஒதுக்கிய தனி ப்ரியாம்பிளும் கிடைத்தால் மோதலே கிடையாது. புது செல் அனுப்பும் பதிலில் டெம்பரரி எண்ணுக்கான 16 பிட் அப்போதும் இருக்கும். சாதனம் அதைப் பொருட்படுத்தாது. சுத்தமான வழி இதுதான். ஆனால் ஏற்கெனவே இணைப்பில் இருப்பவருக்குத்தான் இது. புதிதாக வருபவருக்கு உதவாது.

பொருள்களில் ஒட்டும் சின்ன டேக்குகளை ரேடியோ அலையால் ரீடர் படிக்கும் ஆர்எஃப்ஐடி ஜென்2 தரநிலை நேர் எதிர்த் திசை. அங்கே எண்ணை ரீடர் கொடுப்பதில்லை. டேக் தானே ஒரு 16 பிட் ரேண்டம் எண்ணை உருவாக்கிச் சொல்கிறது. ரீடர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் டேக் தன் உண்மையான அடையாளத்தை வெளியே விடும். இரண்டு டேக்குகள் ஒரே ஸ்லாட்டில் (நேரத் துண்டில்) பேசினாலும் இருவருக்கும் ஒரே எண் அமைவது அரிது. ஆகவே ரீடர் திருப்பிச் சொல்லும் எண் பொருந்தாத டேக் உடனே ஒதுங்கிவிடும். நான்கு படி முறையில் இரண்டு பேர் ஒரே எண்ணைச் சுமந்து திரியும் சிக்கல் இங்கே அபூர்வம். ஆனால் அந்த எண்ணின் ஆயுள் குறைவு, மொபைல்போல் மணிக்கணக்கில் தாங்கத் தேவையில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? சின்ன செல், சின்னச் செய்திகள் என்றால் நான் தயங்காமல் இரண்டு படி முறையைத்தான் சொல்வேன். பெரிய செல்லின் ஓரத்தில் இருப்பவருக்கு நான்கு படிதான் நம்பகம். 5ஜி இதைச் சாதனத்திடமே விடுகிறது: சிக்னல் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் இரண்டு படி, இல்லாவிட்டால் நான்கு. இரண்டு படியில் போகும்போது ப்ரியாம்பிள் மட்டும் கேட்டு டேட்டா புரியாமல் போனால், பேஸ் ஸ்டேஷன் ஒரு மாற்றுப் பதில் அனுப்பும். அதில் ஒரு டெம்பரரி சி-ஆர்என்டிஐ இருக்கும். அதன் மேல் மறுபடியும் ‘இந்த ப்ரியாம்பிளை அனுப்பியவருக்கு’ என்றுதான் எழுதியிருக்கும்.