கோப்ரா 29 எல்டிடி கிளாசிக் சிபி ரேடியோ: ஒரு குளிர்காலம் முழுக்க வண்டியில் வைத்து ஓட்டிய அனுபவம்

கொலராடோவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு வருடத்தில் ஐந்தாறு தடவை காரில் போய் வருகிறேன். ஃபோர்ட் காலின்ஸ் தாண்டி, வயோமிங் மாநிலத்து லாரமி போய் ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடித்தால், அங்கிருந்து ராலின்ஸ் வரை குளிர்காலத்தில் எப்போது சாலையை மூடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்க் மவுண்டன் பக்கத்தில் மேலே வானம் நீலமாகத்தான் இருக்கும், ஆனால் தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி இறைத்து முன்னால் போகிற லாரியையே மறைத்துவிடும். போனில் சிக்னலும் நிறைய இடத்தில் இருக்காது. அதற்காகத்தான் இந்த ரேடியோவை வாங்கினேன்.

சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) தெரியாதவர்களுக்கு: 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்களுக்கு என்று ஒதுக்கிய 40 சேனல்கள். 1958ல் 23 சேனலோடு ஆரம்பித்து 1977ல் 40 ஆனது. அமெரிக்காவில் உரிமம் வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை, டவரும் இல்லை. ஒருவர் பேசுவதை அந்தச் சேனலில் இருக்கிற எல்லோரும் கேட்கலாம், அவர் மைக் பட்டனை விட்ட பிறகுதான் நீங்கள் பேச வேண்டும். சேனல் 9 அவசர உதவிக்கு, 19 லாரிக்காரர்களுக்கு. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து வேக வரம்பை மணிக்கு 55 மைலுக்குக் குறைத்தபோது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரிக்காரர்கள் இதில்தான் சொல்லிக்கொண்டார்கள். இன்றும் நான் கேட்பது பெரும்பாலும் அந்த மாதிரி பேச்சுதான்.

பெட்டி கொஞ்சம் பெரியது, சின்ன காரில் இடம் தேட வேண்டியிருக்கும். திருகு குமிழ்கள் எல்லாம் கையுறை போட்டபடியே திருப்பும் அளவுக்கு இருக்கின்றன, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஸ்க்வெல்ச் குமிழைத் திருகினால் கரகரப்பு அடங்கும், ஆர்எஃப் கெயினை, அதாவது ரேடியோவின் கேட்கும் கூர்மையை, குறைத்தால் தூரத்துக் குரல்கள் விலகி பக்கத்தில் இருப்பவர் மட்டும் கேட்பார். வானிலைச் சேனல் இதில் கிடையாது, அது வேண்டுமென்றால் வேறு மாடல் பாருங்கள்.

முக்கியமான விஷயம் ஆண்டெனா. விலை எதுவானாலும் ஏஎம்மில் சட்டப்படி 4 வாட்தான், அதனால் கூடுதல் பணத்தை ரேடியோவில் போடாதீர்கள், ஆண்டெனாவில் போடுங்கள். நான் முதலில் காந்த அடி ஆண்டெனாவைக் கூரையின் பின் ஓரத்தில் வைத்தேன், எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) 3 காட்டியது, ஒரு மைல் தாண்டினால் யாருக்கும் நான் பேசுவது கேட்கவில்லை. கூரையின் நடுவுக்கு நகர்த்தியதும் 1.4க்கு இறங்கிவிட்டது, இப்போது சமவெளியில் நாலைந்து மைல் தெளிவாகப் போகிறது. எஸ்டபிள்யூஆர் மீட்டர் இந்த ரேடியோவிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். திறந்த வெளியில், கதவுகளை மூடிக்கொண்டு சேனல் 1லும் 40லும் அளந்து பாருங்கள்: 1ல் அதிகமாக இருந்தால் ஆண்டெனா குட்டை, 40ல் அதிகமாக இருந்தால் நீளம். ஆண்டெனா மாட்டாமல் மட்டும் மைக்கை அழுத்திவிடாதீர்கள், உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். அலுமினிய பாடி வண்டி என்றால் காந்தம் ஒட்டாது, கிளாம்ப் வாங்குங்கள். கரண்டையும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டு நேரடியாக எடுங்கள், லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருந்தபோது ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறிக்கொண்டே போனது.

பிப்ரவரியில் லாரமி தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன். எதிர்த்திசையில் வந்த லாரிக்காரர் ஒருவர் 19ல் சொன்னார், எல்க் மவுண்டனுக்கு முன்னால் லாரி ஒன்று மடங்கிக் குறுக்கே கிடக்கிறது, இரண்டு லேனும் நின்றுவிட்டது என்று. அதற்கு முன்னால் வருகிற ஆர்லிங்டனை நான் இன்னும் எட்டவில்லை, அங்கேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் திரும்பிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரை அவர்கள் ஃபோர் வீலர் என்பார்கள். "ஃபோர் வீலர், உடனே இறங்கிவிடு, பாலத்தில் கண்ணாடி மாதிரி ஐஸ்" என்றார். இறங்கி லாரமிக்கே திரும்பி வந்து ராத்திரி அங்கே தங்கினேன், சாலை மறுநாள் காலைதான் திறந்தது. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

குறை என்றால், 19ல் சில நேரம் கெட்ட வார்த்தைகள் வரும், பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். பகலில் சில நாள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து குரல்கள் வந்து குவியும், அப்போது பக்கத்து லாரியே கேட்காது. இப்போது லாரிக்காரர்களிடம் போன் இருப்பதால் ஊர்ப்பக்கம் சேனல் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. வயோமிங்கில் காற்று கிளம்பினால் மட்டும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பிக்கிறார்கள்.