சோழவரத்தில் ஓடிய கார் என்று யாராவது ஃபைல் காட்டினால்

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ஈ.சி.ஆர். பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒரு புரோக்கரிடம் நானும் என் அண்ணனும் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே போடவில்லை.

அவர் சொன்ன கதை இது. வண்டி 1960களின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் மேல் மெட்ராஸ் பட்டறை ஒன்றில் கையால் தட்டிச் செய்த அலுமினிய பாடி. இப்படி ஒரு வண்டி உலகத்திலேயே இது ஒன்றுதான். 1966ல் சோழவரம் ரேஸில் ஓடியது. இதற்கெல்லாம் சான்றாக ஒரு தடித்த ஃபைல்: ஆர்.சி. புத்தக நகல், பட்டறை பில், கறுப்பு வெள்ளை போட்டோக்கள், வண்டியின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியதாக ஓர் அறிக்கை. அந்த அறிக்கைக்கென்றே நாற்பதாயிரம். அட்வான்ஸில் அதுவும் அடக்கம்.

யுத்த காலத்து விமான ஓடுதளம்தான் பிறகு சோழவரம் டிராக் ஆனது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை மெட்ராஸில் கார் ரேஸ் என்றால் அதுதான். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஊர் கார் பிரியர்களுக்கு மனசு இளகிவிடும். அந்த ஆளுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஃபைலை ஷெட்டில் வைத்துப் புரட்டிக் காட்டினாரே தவிர, நகல் கொடுத்தது அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான். அண்ணன் தபால் துறையில் இருப்பவர். பட்டறை பில்லைக் கையில் எடுத்ததுமே நிறுத்திவிட்டார். தேதி 1967. மேலே அச்சடித்த முகவரி ‘மெட்ராஸ் 600 002’ என்று முடிகிறது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல்தான். அதற்கு முன்னால் ‘மெட்ராஸ்-2’ என்றுதான் போடுவார்கள். அடுத்து ஆர்.சி. நகலைப் பார்த்தோம். 1966 தேதியிட்ட முத்திரையில் ‘தமிழ்நாடு அரசு’ என்று இருந்தது. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14ல்.

போன் போட்டுக் கேட்டோம். "கஸ்டம் வண்டி சார், ஒரே ஒரு பீஸ். பேப்பரெல்லாம் பின்னாடி எழுதி வாங்கினது, முன்னபின்னதான் இருக்கும்" என்றார்.

இந்தப் பதிலைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி என்றால் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி ஒப்பிட்டுவிடலாம். ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டால் ஒப்பிட எதுவும் கிடையாது. எது இடித்தாலும் "அப்படித்தான் செஞ்சிருப்பாங்க" என்று முடித்துவிடலாம். போலிக் கதை கட்டுகிறவர்களுக்கு இதைவிட வசதியான சரக்கு வேறு கிடைக்காது.

அயனாவரத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாயை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவில் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. "தம்பி, அலுமினியத்துல காந்தம் ஒட்டுமா?" பின் சக்கரத்துக்கு மேலே வைத்தார், நழுவி விழுந்தது. அங்கே முழுக்கப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. பிறகு டேப்பைப் பிடித்து முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை அளந்தார். தொண்ணூற்றொன்றரை அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம்தான். கீழே படுத்துப் பார்த்தால் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு ஓரத்திலும் பாடியைத் தாங்கும் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பிட்ஃபயர் சேஸிஸில் அவை கிடையாது. "இது நம்மூரு ஹெரால்டு தம்பி" என்றார் பாய். பெருங்களத்தூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 948 சி.சி. இன்ஜின்.

கம்பெனி வண்டிக்குக் கொடுத்த நம்பரைப் பொறித்த தகடு மட்டும் ஸ்பிட்ஃபயருடையது, அந்த நம்பர் எஃப்.சி. என்ற எழுத்துகளில் தொடங்குகிறது. இடது பக்க ஸ்டீயரிங் வைத்து வந்த வண்டியாக இருந்தால் நம்பரின் கடைசியில் எல் எழுத்து இருக்கும். இந்தத் தகட்டில் சரியாக அந்த இடம் மட்டும் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், டிரையம்ப் கம்பெனியின் தயாரிப்புப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் வண்டியின் நம்பரை வைத்து நிறம், தயாரித்த தேதி, அனுப்பிய நாடு எல்லாம் சொல்லிச் சான்றிதழ் தருவார்கள். எழுதிக் கேட்டோம். அந்த நம்பர் வண்டி இடது பக்க ஸ்டீயரிங்கோடு அமெரிக்காவுக்குப் போனது என்று பதில் வந்தது.

எனக்குப் பணத்தைவிட வேறொன்றுதான் வயிற்றெரிச்சல். என்றைக்கோ யாரோ ஒரு டிங்கர், ஹெரால்டின் மேல் தகடு தட்டி, அழகான வளைவு எடுத்து, ஒரு வண்டியை உருவாக்கியிருக்கிறார். கதவின் உள்பக்கம் சுத்தியல் தடம் இன்னும் தெரிகிறது. மெட்ராஸில் செய்த சேஸிஸ், மெட்ராஸ் ஆளின் கைவேலை. அந்த உண்மைக் கதையைச் சொல்லி விற்றிருந்தாலே நாங்கள் சந்தோஷமாக வாங்கியிருப்போம். பொய்யை ஒட்டவைத்து அந்த மனுஷனின் வேலையையே அழித்துவிட்டார்கள்.

இன்னொன்று. "விண்டேஜ் நம்பர் வாங்கித் தர்றேன்" என்றும் சொன்னார். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. வரிசை நம்பர் உண்டு, கட்டணம் இருபதாயிரம். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. பாடியையே மாற்றிய வண்டிக்கு அவர் எப்படி வாங்கித் தருவார்?

வாங்குவதாக இருந்தால் வண்டியை முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ரேஸ் கதை சொன்னால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அந்தத் தேதிப் பத்திரிகையைத் தேடுங்கள். விற்கிறவரே ஏற்பாடு செய்யும் ஆய்வு அறிக்கைக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

மோசடிக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டப் பிரிவு 318, போலி ஆவணத்துக்கு 336 என்று குறிப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஃபைலை கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமும் காட்டியிருப்பதாக இப்போது தெரிய வந்திருக்கிறது. சிவப்பு வண்டி, ‘மெட்ராஸ் 600 002’ பில், பளபளக்கும் நம்பர் தகடு. உங்களுக்கும் இதைக் காட்டியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.