வெள்ளவத்தையில ஃபேன், பிளென்டர் திருத்த நான் போற கடை (ரெண்டு பேரும் இருக்கேக்க போங்கோ)

கொழும்பு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் ஃபேனோ ரைஸ் குக்கரோ பழுதாப்போனா எங்க குடுக்கிறது எண்டு அடிக்கடி கேக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒழுங்கை ஒண்டுக்குள்ள, தையல்கடைக்கும் கொம்யூனிகேஷனுக்கும் நடுவில ஒரு சின்னக் கடை. பேர்ப்பலகை வெயில்ல வெளிறி ஒண்டும் வாசிக்கேலாது, வாசல்ல இறக்கை இல்லாத ஃபேனுகள் அடுக்கிக் கிடக்கும், அதுதான் அடையாளம்.

உள்ள ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். ஒருத்தர் யாழ்ப்பாணத்து ஆள். வாயைத் திறந்தா நக்கல்தான், அரசாங்கம் கள்ளர், கொம்பனிக்காரன் கள்ளன், கோயிலுக்குப் போறவன் விசரன், இந்த ஃபேனைக் காசு குடுத்து வாங்கின நாங்கள் அதைவிட விசர். மற்றவர் கொட்டாஞ்சேனை வேதக்காரர், கழுத்தில செபமாலை, மேசைக்கு நேர மேல அந்தோனியார் படம், ஸ்குறூ டிறைவரைத் தொட முதல் சிலுவை போடுற ஆள். ரெண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே சோல்டரிங் அயன், நாள் முழுக்க வாக்குவாதம். முதல்தரம் போற ஆக்கள் இப்ப அடிபடப்போகினம் எண்டு பயப்படுவினம், பயப்படாதேங்கோ.

முதல்ல வேலையைச் சொல்லுறன். எங்கட வீட்டு சீலிங் ஃபேன் அஞ்சில வச்சாலும் நடக்கிற வேகத்திலதான் சுத்தும். வேற ஒரு இடத்தில மோட்டர் பழுதாப்போச்சு, புதுசு வாங்குங்கோ எண்டு சொல்லி விட்டிட்டினம். இங்க நக்கல் அண்ணை அதைக் கையால ஒருக்காச் சுத்திப் பாத்தார், மணந்து பாத்தார், "மோட்டர் நல்லா இருக்கு பிள்ளை, உங்களுக்குச் சொன்னவன்தான் பழுது" எண்டார். 2.5 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒண்டு லாச்சிக்குள்ள இருந்து எடுத்து மாத்தினார், நான் பக்கத்துக் கடையில பிளேன்ரீ குடிச்சு முடிக்க முதல் வேலை முடிஞ்சுது. அதோட ஒரு வகுப்பும் எடுத்தார். கையால தள்ளிவிட சுத்துதெண்டா அனேகமா கப்பாசிட்டர், தள்ளவே இறுக்கமா இருந்தா புஷ் அல்லது பெயாரிங், கருகின மணம் வந்தா வைண்டிங், அப்ப மட்டும் காசைப் பற்றி யோசியுங்கோ எண்டு. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஸ்டேன்ட் ஃபேன் கெதியா இறுகிறது உப்புக் காத்தாலயாம், துருப்பிடிக்குமாம், அதுக்கு மெஷின் ஒயில் ரெண்டு சொட்டு காணும். தேங்காய் எண்ணெய் விடுறது கூடவே கூடாதாம், கொஞ்ச நாளில பசை மாதிரிப் பிடிச்சு முந்தியதைவிட மோசமாயிடுமாம். தேங்காய் எண்ணெய் விட்ட ஃபேன் ஒண்டு வந்தா அவர் பேசுற பேச்சை இங்க எழுதேலாது.

திருத்தி லாபமில்லாத சாமானை எடுக்கவே மாட்டார். மலிவுக் கேத்தில் ஒண்டைக் கொண்டுபோன அன்ரி ஒராளை என்ர கண் முன்னால திருப்பி அனுப்பினவர், "இதுக்கு நான் காசு வாங்கினா இவன் எனக்காகவும் செபம் சொல்ல வேண்டிவரும்" எண்டு. மற்றவர் தலையை நிமித்தாமலே, "உனக்குச் சொல்லுறது எப்பவோ தொடங்கியாச்சு" எண்டார்.

அடுத்தது வொறண்டி, இந்தக் கடையில எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம். பிளென்டர் குடுத்தனான், கார்பன் பிரஷ் தேஞ்சு, கீழ இருக்கிற ரப்பர் கப்ளரும் பல்லு உடைஞ்சு. (செத்தல் மிளகாயை நிப்பாட்டாமல் அரைச்சா இப்பிடித்தான், ஒரு நிமிசம் ஓடவிட்டு ஆறவிடுங்கோ.) வேலை முடிய வொறண்டி இருக்கோ எண்டு கேட்டன். நக்கல் அண்ணை சொன்னார், "வொறண்டியும் கடவுளும் ஒண்டுதான் பிள்ளை, தேவைப்படேக்க ஆள் இருக்காது." அந்தோனியார் அண்ணை ஒண்டும் கதைக்கேல்ல, பில் துண்டை இழுத்து பின்பக்கத்தில 'மூண்டு மாசம் நான் பொறுப்பு' எண்டு எழுதி கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்த மூண்டு மாசத்துக்குள்ள பிளென்டர் திரும்பப் பழுதாத்தான் போச்சு. கொண்டுபோனன், துண்டை நீட்டினன், ஒரு சதம் வாங்கேல்ல. ஆனா குந்தியிருந்து முழுசாக் கழட்டிப் பூட்டினது ஆர் தெரியுமோ, நக்கல் அண்ணை. "இவன் கையெழுத்து வச்சிட்டான், நான் என்ன செய்யிறது" எண்டு புறுபுறுத்துக்கொண்டு பிளக்கையும் மாத்திவிட்டார். பழைய வட்டப் பின் பிளக்கை பேனையால குத்தி 13 அம்பியர் சொக்கற்றுக்குள்ள தள்ளுறனீங்கள் எல்லே, எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், அவரிட்ட அந்தக் கதை சரிவராது, சதுரப் பின் பூட்டாமல் சாமானைத் தரமாட்டார்.

துண்டைத் துலைச்சாலும் பிரச்சினையில்லை. அந்தோனியார் துலைஞ்ச சாமானைத் தேடித்தாற புனிதர் எல்லே, அண்ணை கண்ணை மூடி ஒரு செபம் சொல்லுவார். அந்த நேரத்துக்குள்ள மற்றவர் கொப்பியைப் புரட்டி உங்கட பேரைக் கண்டுபிடிச்சிடுவார். பேந்து ஆராலை கிடைச்சது எண்டு ஒரு சண்டை.

நக்கல் அண்ணையின்ர கசப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. 83 யூலைக் கலவரத்தில தகப்பன்ர கடை இதே வெள்ளவத்தையில எரிஞ்சதாம், இவர் அப்ப பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. ஒருநாள் கதையோட கதையா, "அண்டைக்கு உன்ர அந்தோனியார் லீவோ" எண்டு கேட்டார். மற்றவர், "அவர் துலைஞ்சதுக்கு மட்டும்தான்டா, எரிஞ்சதுக்கு வேற டிபார்ட்மெண்ட்" எண்டார். எனக்கு மூச்சு நிண்டுபோச்சு, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கினம்.

2022இல கறன்ட் வெட்டு, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது நினைவிருக்கும், கறன்ட் திரும்ப வரேக்க வோல்ட்டேஜ் ஏறி ஊர்ச்சாமான் எல்லாம் எரிஞ்சுது, புதுசு வாங்க விலையைக் கேட்டா தலை சுத்தும். அந்த நேரம் இங்க சனம் ஒழுங்கை முட்ட நிண்டது. விலை ஏத்தியிருக்கலாம், பாட்ஸுக்கு ஏறின காசைத் தவிர கூலி கூட்டேல்ல. ஏத்துவம் எண்டது நக்கல் அண்ணை, வேண்டாம் எண்டது மற்றவர், அப்பிடித்தான் கதை. நான் கண்ட மட்டுக்கும் பென்சன்காரரிட்ட காசே வாங்காமல் விட்டது ஏத்துவம் எண்ட ஆள்தான்.

இன்னொரு கதை, நக்கல் அண்ணை தேத்தண்ணிக்குப் போன நேரம் அந்தோனியார் அண்ணை சொன்னது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அண்டு காலமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில குண்டு. இவர் சனி இரவுப் பூசைக்குப் போனபடியா வீட்டில நித்திரை, போன் ஓஃப். நக்கல் அண்ணை அடிச்சு அடிச்சுப் பாத்திட்டு வெள்ளவத்தையில இருந்து மோட்டார் சைக்கிள்ல வெளிக்கிட்டு, விடாத இடமெல்லாம் ஆமிக்காரனோட வாக்குவாதப்பட்டு, கடைசியா ஜம்பட்டா வீதியால சுத்தி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கதவு திறந்தோடன சொன்னது, "கடைத் திறப்பு உன்னட்ட இருக்கு, அதுதான் வந்தனான்." அந்தக் கோயிலை நேவிக்காரர் திருத்தி யூன் 12 திரும்பத் திறந்தவை, அடுத்த நாள் திருநாள். அண்டையில இருந்து செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இவரை மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போறது நக்கல் அண்ணை. உள்ள வரமாட்டாராம், றோட்டுக்கு அந்தப்பக்கம் நிண்டு கடலை வாங்கித் திண்டுகொண்டு மெழுகுதிரி விக்கிறவையோட விலையைப் பற்றிச் சண்டை பிடிப்பாராம்.

தவக்காலத்தில போனா ரெண்டு பேருக்கும் ஒரே சைவக்கடைப் பார்சல். நக்கல் அண்ணையிட்ட கேட்டா மீன் விலை கூடிப்போச்சாம். மீன் விலை கூடினது உண்மைதான், ஆனா உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் குறையிறேல்ல எல்லோ.

குறை எண்டா, போன் எடுக்கமாட்டினம். நாளைக்கு எண்டா நாளண்டைக்கு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. கார்ட் எடுக்கிறேல்ல, காசு மட்டும், அதுவும் மாத்தின காசாக் கொண்டுபோங்கோ, ஐயாயிரம் தாளை நீட்டினா அதுக்கும் ஒரு பேச்சு விழும். மைக்ரோவேவ், ஏசி செய்யிறேல்ல. கார் நிப்பாட்ட இடமில்லை. நக்கல் தாங்கேலாத ஆக்கள் ஞாயிறு காலமை போகாதேங்கோ, மற்றவர் பூசைக்குப் போயிருப்பார், பேச்சு முழுக்க உங்களுக்குத்தான். நக்கல் அண்ணை இல்லாத நேரமும் சரிவராது, மற்றவர் திருத்தேலாததையும் "பாப்பம்" எண்டு வாங்கி வச்சிடுவார், பேந்து மாசக்கணக்கா அலுமாரிக்கு மேல கிடக்கும். என்ர இஸ்திரிக்கைப்பெட்டி இன்னும் அங்கதான்.

அஞ்சு நட்சத்திரத்துக்கு நாலரை குடுப்பன். செவ்வாய் பின்னேரம் பூட்டு.